யோகேஸ்வரியிடம் சொல்லாத ஒன்பது நாட்கள்

கை கால் விழுந்து நான் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த ஏழு வாரமும் காலையில் வந்து என் கால்களை மடக்கி நீட்டிவிட்டவள் யோகேஸ்வரி. அவள்மேல் எனக்கு நன்றி இருந்திருக்க வேண்டும். இருந்ததெல்லாம் பொறாமைதான். உடம்பு தேறிய பிறகு பலர், "உங்க சீக்கப் பத்தி எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்றார்கள். சீக்கைப் பற்றியும் எழுதுகிறேன். பொறாமையை விட்டுவிட்டு எழுதினால் நடந்ததில் பாதிகூட வராது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தாறு வயது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை; அதாவது அசையாத கை கால்களை அசையப் பழக்குகிற வேலை. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் பெரும்பகுதி குழந்தைகள் பிரிவிலேயே போனது. பிறந்தபோதோ பிறந்த சில நாளிலோ மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள், கழுத்து நிற்காத பிள்ளைகள், நாலு வயதிலும் உட்காராத பிள்ளைகள். கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் இரண்டு பஸ் மாறி அம்மாக்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அந்த அம்மாக்கள் சொல்லாமல் விடுவதும் எனக்குப் புரியும். என்னைவிட இந்த வேலையை யார் செய்துவிட முடியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஒரு புதுப் பயிற்சி தொடங்கினார்கள். மூளை வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக ஊர் ஊராகத் தனிப் பிரிவுகள் வரப்போகின்றன. அவற்றை நடத்த ஆள் வேண்டும். டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், தாதி, சமூகநல அதிகாரி என்று ஐந்து துறைக்கு ஒவ்வோர் இடம். ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு வருஷம் படிக்க வேண்டும். சிகிச்சை கொடுப்பது மட்டும் போதாது, குழுவை நடத்தவும் பெற்றோரிடம் பேசவும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் மூன்று மாதம் வெளிநாடு.

பிசியோ இடத்துக்கு நானும் யோகேஸ்வரியும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். யோகா என்னைவிட ஐந்து வயது இளையவள். என் கையின் கீழ் வேலை பழகியவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்கத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி வரும். எனக்கு யோசித்து வரும்.

"ஐந்து வருஷம் கழித்து என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" என்று தேர்வுக்குழுவின் தலைவி, குழந்தை மருத்துவ நிபுணர் டாக்டர் வோங் கேட்டார். "இப்போதைவிட நிறையக் குழந்தைகளுக்கு நல்ல சிகிச்சை கொடுத்துக்கொண்டிருப்பேன்" என்றேன். யோகா சொன்ன பதிலைப் பிற்பாடு கேள்விப்பட்டேன். "நான் செய்யும் வேலையைச் செய்யத் தெரிந்த பத்துப் பேரை உருவாக்கியிருப்பேன்" என்றாளாம்.

இடம் அவளுக்குக் கிடைத்தது. அன்று பஸ்ஸில், "அக்கா, உங்களுக்குத்தான் கிடைச்சிருக்க வேணும்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து கால் மணி நேரம் முந்திய பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

அவள் வெளிநாடு போய்த் திரும்பிய ஜூலையில் புதுச் சப்பாத்துப் போட்டு வந்தாள். கையில் ஒரு நீலக் கோப்பு. பேச்சில் "டீம்" என்ற சொல் அடிக்கடி. நான் வளர்த்த பிரிவில் என் கண் முன்னாலேயே டாக்டர் வோங் அவளிடம் அபிப்பிராயம் கேட்பார். நான் ஒரு மூலையில் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்டில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. பத்து நாள் கழித்துப் பாதம் மரத்தது. சப்பாத்து இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் பஸ் படியில் காலை வைத்தேன், மேலே ஏறவில்லை. பின்னால் நின்ற சீன மாமா முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தியலால் என் முழங்காலை நானே தட்டிப் பார்த்தேன். தட்டினால் கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. அடுத்த காலிலும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை தட்டியிருக்கிறேன். என் காலைத் தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் ரத்தினம் ரயில்வேயில் குமாஸ்தா. போன் செய்ததும் சட்டையில் மைக்கறையோடு ஓடி வந்தார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். கில்லான் பாரே என்று அந்த நோய்க்குப் பெயர். மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. ஏதோ ஒரு கிருமியை எதிர்த்துக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் அந்த உறையையே தின்றுவிடுகிறது. உறை போனால் மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். எதுவரைக்கும் ஏறும் என்பது ஏறி நின்ற பிறகுதான் தெரியும். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நிற்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தவள் என்பதால் பயம் குறையவில்லை. நாலாம் நாள் கையும் விழுந்தது. மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் நாற்பது வரை எண்ணினேன். பிறகு இருபத்தாறு. பிறகு பதினான்கு. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி எண்ணை எழுதிக்கொண்டு போவாள். ரத்தினம் சுவரோரமாக நின்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்து என்னோடு எண்ணுவார். நான் பதினொன்றில் நிறுத்திய அன்று அவர் உதடு பன்னிரண்டு, பதிமூன்று என்று தொடர்ந்து போனது. மூச்சு மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். மறுநாளும் பதினொன்று. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. "பன்னெண்டு!" என்று ரத்தினம் உரக்கச் சொல்லிவிட்டு மிஸ்ஸியிடம் திட்டு வாங்கினார். மெஷினைப் பொருத்தாமலே திருப்பி எடுத்துப் போனார்கள்.

அவருக்குச் சோறு ஊட்டத் தெரியாது, கற்றுக்கொண்டார். ஒருநாள் சீப்பும் ரிப்பனும் கொண்டு வந்தார். எதிர்வீட்டுப் பெண்ணின் தலையில் பின்னிப் பழகினாராம். அவர் போட்ட சடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. வந்திருந்தாலும் அவிழ்த்திருக்க மாட்டேன்.

யோகா முதல் நாளே வந்துவிட்டாள். அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். யாராவது தினம் மடக்கி நீட்ட வேண்டும். வார்டில் அதற்கு ஆள் உண்டு. "வேணாம், நானே செய்றன்" என்று சொல்லி, தன் வகுப்புக்கு முன் ஏழு மணிக்கு வந்து அரை மணி நேரம் செய்வாள். கணுக்காலைப் பிடித்து, குதிகாலைத் தாங்கி, மெல்ல மேலே. நான் கற்றுக்கொடுத்த பிடிதான். இப்போது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எங்கே வலிக்கும் என்று நான் சொல்வதற்கு முன்பே நிறுத்துவாள்.

"அந்தப் பொண்ணு இல்லன்னா என்ன ஆயிருக்கும், மணி?" என்பார் ரத்தினம்.

"வேற யாராச்சும் செஞ்சிருப்பாங்க" என்பேன்.

உடம்பு முழுக்கச் செயலற்றுக் கிடந்தபோதும் பொறாமை மட்டும் கொழுத்துக்கொண்டிருந்தது. அவள் நடந்து வருவது பொறாமை. அவள் குனிவது பொறாமை. கட்டில் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் அவள் கூட்டத்தில் பேசியதைச் சொல்லும்போது, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலு வாரம் முடிந்து பயிற்சிக் கூடத்துக்குத் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். அங்கே சாய்வு மேசை என்று ஒன்று உண்டு. படுக்கவைத்து நெஞ்சு, இடுப்பு, முழங்காலில் வார் போட்டுக் கட்டி, மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். காலில் பாரம் பழகவும் தலைசுற்றல் போகவும் அப்படி இருபது நிமிஷம் நிற்க வேண்டும். கழுத்தை மட்டும் திருப்பலாம். பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

மேசைக்கு நேர் எதிரே குழந்தைகளின் பாய். அதில் கோமதி என்ற நாலு வயதுப் பிள்ளை. அம்மா பெயர் லெட்சுமி, கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைக்குப் பிறந்த மூன்றாம் நாள் கூனிங்; அதாவது மஞ்சள்காமாலை. கடுமையாக ஏறினால் அந்த மஞ்சள் மூளையில் போய்த் தங்கிவிடும். கை கால்கள் அவள் சொல்பேச்சுக் கேட்காமல் பாம்பாக நெளிந்தன. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு வாரம் வார்டில் வைத்து முழுதாகப் பரிசோதிக்கிறார்கள். யோகாவின் பயிற்சிக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியர் முன்னால் கோமதியைப் பற்றிய குழுக் கூட்டத்தை அவள் தலைமை ஏற்று நடத்த வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மேசையில் நிற்கிறேன். லெட்சுமி பிள்ளைக்குப் பின்னாலிருந்து, "கோமதி, கோமதிம்மா, இங்க பாரு" என்று கூப்பிடுகிறாள். மெல்லிய, கூரிய குரல். பிள்ளை திரும்பவில்லை. யோகா பின்னாலிருந்து மணியடித்துப் பார்த்தாள். இல்லை. அப்போது வெளியே யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். பிள்ளையின் தலை சட்டென்று அந்தப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் சாமான் தள்ளி வந்த ஆள் கனத்த குரலில், "ஓரமா, ஓரமா" என்றார். மறுபடியும் திரும்பினாள்.

ஏழு வருஷத்துக்கு முன் என்னிடம் இப்படி ஒரு பையன் வந்தான். அவனையும் புத்தி வளராதவன் என்றே வைத்திருந்தோம். காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவனுக்கு ஏழு வயது. கூனிங் மூளையில் தங்கினால் காதும் போகும். முழுச் செவிடாகப் போகாது. லோரி சத்தம், கதவுச் சத்தம், ஆண்குரல் என்று தாழ்ந்த ஒலிகள் கேட்கும். கூரிய ஒலிகள் கேட்காது. பேச்சு என்பது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோலத்தான் இருக்கும். சின்ன வயதில் கையைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். தட்டல் கேட்டுத் திரும்பியிருப்பாள். கோப்பில் 'காது கேட்கிறது' என்று எழுதியிருப்பார்கள். யோகா அந்தக் கோப்பை நம்பிவிட்டாள்.

அவர்கள் இருவரும் தள்ளிப் போய்ச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நான் மேசையிலிருந்தபடியே "ஸ்ஸ்ஸ்" என்றேன். என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்த பிள்ளை அசையவில்லை. தொண்டையிலிருந்து, "ஓ" என்றேன். முகத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். பிறகு சிரித்தாள்.

யோகாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் முழங்காலை மடக்கிக்கொண்டே யோகா கேட்டாள்: "அக்கா, நேத்து எதிர்ப் பக்கந்தானே நின்றனீங்க, கோமதியைப் பார்த்தனீங்களா? எனக்கு ஏதோ பிடிபடேல்ல. கண்ணைப் பார்த்தால் விளங்கிற பிள்ளை மாதிரி இருக்கு. டெஸ்ட் எல்லாம் கீழ வருது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் கூரையைப் பார்த்தபடி, "எனக்கென்ன தெரியும் யோகா. நான் இப்ப பேஷண்ட்தானே. படிச்சிட்டு வந்தது நீதான்" என்றேன்.

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த காலை எடுத்தாள்.

அப்படி ஒன்பது நாட்கள். தினமும் அரை மணி நேரம் அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தினமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன் என்று எழுதினால் பொய். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டேன். டாக்டர் வோங் வார்டுக்கு வந்தபோது, "நானும் இந்தப் பிரிவுக்காரிதானே, கூட்டத்தில் ஓர் ஓரமாக இருந்து கேட்கலாமா?" என்று கேட்டேன். அவருக்குச் சந்தோஷம். சீக்கிலும் வேலையை மறக்காதவள் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ரத்தினம் எனக்குப் புடைவை கட்ட முடியாமல், ஆஸ்பத்திரி உடைக்கு மேலே ஒரு சால்வையைப் போர்த்திச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் கூட்ட அறையில் விட்டார். நீள மேசை. டாக்டர் வோங், பேராசிரியர், பயிற்சியில் இருந்த ஐந்து பேர். ஒரு பக்கத்தில் லெட்சுமி, மடியில் கோமதி. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. லெட்சுமி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகா நன்றாக நடத்தினாள். ஒவ்வொருவரையும் பேசவைத்து முடிவுக்கு வந்தாள்: கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைவு. பேச்சுப் பயிற்சி பலன் தராது. அம்மா தனியாக உழைக்கிறவர்; அவரே கேட்டுக்கொண்டதால் பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரை. படிவத்தில் சனிக்கிழமை லெட்சுமி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் வரவில்லை. "மன்னிக்கவும்" என்றேன். "இந்தக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?"

கோப்பைப் புரட்டினார்கள். "கேட்கிறது என்று இருக்கிறது" என்றார் சமூகநல அதிகாரி.

"ஒரு கோப்பையும் கரண்டியும் கொடுங்கள்."

தேநீர்க் கோப்பையை யாரோ நீட்டினார்கள். என் விரலுக்குக் கரண்டி பிடிக்க வலு இல்லை. பேராசிரியர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். நான் சொன்னபடி, பிள்ளைக்குப் பின்னால் போய்க் கோப்பையின் விளிம்பில் கரண்டியை மெல்லத் தேய்த்தார். எங்கள் எல்லோருக்கும் பல் கூசியது. கோமதி அசையவில்லை. "இப்போது அடித்தொண்டையில் ஊ என்று சொல்லுங்கள்." சொன்னார். கோமதி திரும்பினாள். "ஸ் என்று சொல்லுங்கள்." திரும்பவில்லை. மூன்று தடவை. மூன்று தடவையும் அதே.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். டாக்டர் வோங் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்குக் கை கால் விழுந்ததே நினைவில் இல்லை. யோகா எழுந்து அழுவாள், அல்லது சமாளிப்பாள் என்று காத்திருந்தேன்.

யோகா தன் தாள்களை அடுக்கிக் கவிழ்த்து வைத்தாள். "என் முடிவு தவறு. நான் பழைய குறிப்பைச் சரிபார்க்கவில்லை. காது பரிசோதனை முடியும்வரை இந்தக் குழந்தையைப் பற்றி எந்த முடிவும் கிடையாது. இல்லத்துப் படிவத்தைத் திரும்பப் பெறுகிறோம்" என்றாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போய் லெட்சுமிக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"லெட்சுமி, நாங்க பிழை விட்டிட்டம். கோமதிக்கு விளங்காமல் இல்ல. நீங்க கூப்பிடுறது அவளுக்குக் கேக்கேல்ல. மிஷின் வெச்சுப் பார்க்கலாம். படிப்பிக்கலாம்."

லெட்சுமிக்கு முதலில் புரியவில்லை. "அப்ப இவளுக்கு மண்டையில ஒன்னும் இல்லங்கிறது?" என்றாள். "அது பொய்" என்றாள் யோகா.

பேராசிரியர் எழுதிக்கொண்டிருந்தார். என் நாற்காலியிலிருந்து அவர் முகம் தெரிந்தது. என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குழுவில் யார் சொன்னாலும் கேட்கிறவள், தவறை ஒப்புக்கொள்கிறவள், முதலில் தாயிடம் போகிறவள். தலைமை ஏற்க அவர்கள் தேடிய ஆள் அதுதான். குழந்தையின் குறையைக் கண்டுபிடித்தது நான். தேர்வில் வென்றது அவள். ஒன்பது நாள் காத்து வைத்திருந்ததை அவள் கையில் நானே கொடுத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் லெட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள். "அக்கா, நீங்க நல்லா இருக்கணும். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? எப்ப பாத்தீங்க?"

பெருமை வாயில் முந்திக்கொண்டது. "போன வாரம் செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. "போன செவ்வாயா?" என்றாள். பிள்ளையின் தொடையைத் தடவினாள். அங்கே ஐந்து விரல் தடம் வெளிறிக்கொண்டிருந்தது. "நேத்துகூட அடிச்சேன்கா. தொண்டை கிழியக் கூப்புடுறேன், வேணுமுன்னே திரும்ப மாட்டேங்குறான்னு. தெனமும் அடிச்சேன்."

என்மேல் அவள் கோபப்படவில்லை. பிள்ளையின் காதருகே வாயைக் கொண்டு போய், தன் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, ஆண்குரல்போல ஆக்கி, "கோமதி" என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

என் நாற்காலியைப் பின்னாலிருந்து யாரோ தள்ள ஆரம்பித்தார்கள். ரத்தினம் என்று நினைத்தேன். லிஃப்டின் கதவில் தெரிந்தது, யோகா. எவ்வளவு நேரமாகப் பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் ஏற்றிப் போர்வையை இழுத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாளை வரமாட்டாள் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு வந்தாள். குதிகாலைத் தாங்கி மெல்ல மேலே தள்ளினாள். "வலிக்குதா அக்கா?" என்றாள். "இல்ல" என்றேன். நான் வீட்டுக்குப் போகும்வரை அவள் ஒரு நாளும் தவறவில்லை, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் அவளைவிடக் கொஞ்சம் உயர்ந்திருப்பேன். அவள் எனக்கு அந்த இடத்தைக்கூடக் கொடுக்கவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஏழாம் வாரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நாலு எட்டு வைத்தேன். வீட்டில் ஆறு மாதம். இடது பாதம் இன்னும் களைத்துப்போனால் தரையைத் தேய்க்கும். கோமதிக்குக் காதில் மெஷின் பொருத்தினார்கள். கை வராததால் படம் போட்ட பலகையைக் கண்ணால் பார்த்துக் காட்டப் பழகினாள். லெட்சுமி அவளை எந்த இல்லத்துக்கும் அனுப்பவில்லை. கிள்ளானில் புதுப் பிரிவு திறந்தபோது யோகா அதற்குத் தலைவி. அடுத்த பயிற்சிக்கு என் பெயரை எழுதி அனுப்பியவளும் அவள்தான். 'நான் தவறவிட்டதைக் கண்டவர்' என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தாள். ஒரு வருஷம் படித்தேன். அவள் கையின் கீழ் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிறகு பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். வகுப்பு மலாயிலும் ஆங்கிலத்திலுமாக நடக்கும். ஒவ்வொரு வருஷமும் கோமதியின் கதையைச் சொல்வேன். கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக் காட்டுவேன். பழைய குறிப்பை நம்பாதீர்கள் என்பேன். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமையை மட்டும் சொல்வதில்லை.

இந்த வருஷம் யோகா பின்வரிசையில் உட்கார்ந்து வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். செலாயாங்கிலிருந்து வந்திருந்த ஒரு மலாய்த் தாதி கையைத் தூக்கினாள். மலாயில் மூத்த பெண்களை மரியாதையாகப் 'புவான்' என்பார்கள்.

"புவான், நீங்கள் கவனித்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் எத்தனை நாள்?"

சின்னக் கேள்வி. அதற்கு முன் எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

"ஒன்பது நாள்" என்றேன்.

பேனாக்கள் நின்றன. "ஏன்?" என்றாள் அந்தப் பெண்.

"பொறாமை."

"யார்மேல், புவான்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. யோகா தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தமிழில் சொன்னாள்.

"என்மேலதான் அக்கா."

வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "என்ன சொல்கிறார்?" என்று அந்தத் தாதி என்னைக் கேட்டாள்.

அவளுக்கு மலாயில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல், செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி.